எந்த நியாயம் முன்னே நிற்பது?



ஒரு விஷயத்தைப் பற்றி இரு பக்கத்தாரும் சொல்லக்கூடியவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, அவற்றுள் வலியது எது, மெலியது எது என்று பலருங்கூடித் தரம் பிரித்து, அதன் பின்னரே ஒரு முடிவுக்கு வருதல் வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழமையானது. அதை நிறைவேற்றிக்கொள்ளும் கருவிதான் புதியது. ஒருவரையொருவர் ஒருபோதும் கண்டறியாத ஆயிரக்கணக்கானோர், தத்தம் வீட்டில் இருந்தபடியே, ஒரு சர்ச்சைக்குரிய பொருளை எடுத்து வாதிட்டு, அவ்வாதங்களுக்கு முன்பின் வரிசையும் ஏற்படுத்தும் இணைய அரங்குகள் அண்மைக் காலத்தில் உலகில் சில இடங்களில் தோன்றியிருக்கின்றன. அவற்றுள் சில, சர்க்கார் சட்டம் இயற்றும் அளவிற்கும் பயன்பட்டுள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றின் வரிசையை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டுத் தருக்க நூலார் இதனை ஆழச் சிந்தித்தவர்கள். கௌதமரின் நியாய சூத்திரம், இருவர் எதிரெதிரே நின்று பேசும் பேச்சை மூன்றாகப் பகுக்கிறது. உண்மையை அறியும் ஒரே நோக்கத்தோடு, பிரமாணங்களை முன்வைத்து இரு சாராரும் பேசுவது வாதம். வெற்றி ஒன்றையே கருதி, சொற்புரட்டையும் கையாளக் கூசாமல் பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு பக்ஷத்தை நிலைநாட்டும் பொறுப்பை ஏற்காமல், எதிரி கூறுவதைத் தகர்ப்பதே தொழிலாகக் கொள்வது விதண்டை. கைப்பேசியின் திரையில் நாள்தோறும் நாம் காணும் சர்ச்சைகளை இந்த மூன்றில் எதன்பாற் சேர்க்கலாம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் காரணம் மக்கள் முன்னைவிடக் கெட்டுவிட்டார்கள் என்பதன்று. கடைசியில் பேசியவன் பேச்சு மேலே நிற்கவும், அதிகமாகக் கோபமூட்டிய பேச்சு மேன்மேலும் பலரிடம் போய்ச் சேரவும், பதில் என்பது சொன்ன பொருளுக்கு அன்றிச் சொன்ன ஆளுக்கே போய்ச் சேரவும் வழி செய்து வைத்திருக்கும் ஓர் அரங்கில், சாந்த குணமுள்ளவனும் நாலு நாளில் விதண்டாவாதியாகிவிடுவான். அரங்கின் அமைப்பே பேச்சின் தன்மையைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது என்பது என் மனத்தில் ஆழப் பதிந்த கருத்து.

இதனை மாற்றி அமைக்கும் முயற்சியின் வேரைத் தேடிப் போனால், 1772ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் லண்டனிலிருந்து எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் போய் நிற்கிறோம். எழுதியவர் பெஞ்சமின் பிராங்ளின். பெற்றவர், பின்னாளில் பிராணவாயுவைக் கண்டறிந்தவருள் ஒருவராகப் புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி. லீட்ஸ் நகரில் மதபோதகராக இருந்த பிரீஸ்ட்லிக்கு, ஷெல்பர்ன் பிரபுவிடத்தில் ஓர் உத்தியோகம் வந்திருந்தது. போகலாமா, இருக்கலாமா என்று அவர் நண்பரிடம் யோசனை கேட்டார். பிராங்ளினோ, எதைச் செய்வது என்று சொல்லாமல், எப்படி முடிவு செய்வது என்பதை மட்டும் எழுதினார். ஒரு காகிதத்தை நடுவே கோடிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் சாதகமான காரணங்களையும் மறுபக்கம் பாதகமான காரணங்களையும், மூன்று நான்கு நாட்களில் தோன்றத் தோன்றக் குறித்துக்கொண்டே வருவது. பின்பு இப்பக்கத்துக் காரணம் ஒன்றும் அப்பக்கத்துக் காரணம் ஒன்றும் எடையில் ஒத்திருந்தால் இரண்டையும் அடித்துவிடுவது. இப்பக்கத்து ஒன்று அப்பக்கத்து இரண்டுக்குச் சமமானால் மூன்றையும் அடித்துவிடுவது. இவ்வாறு அடித்து அடித்து எஞ்சி நிற்பது எதுவோ அதன்படி நடப்பது. இதுவே அவர் காட்டிய உபாயம். பின்னர் பிரீஸ்ட்லி அந்த உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டார்.

இந்த உபாயத்தில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம், நாட்களை விட்டு விட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னதே ஆகும். ஒரு பிரச்னைக்குரிய காரணங்கள் யாவும் ஒரே சமயத்தில் மனத்தின் முன் வந்து நிற்பதில்லை. சாதகமானவை நினைவிலிருக்கும் வேளையில் பாதகமானவை மறைந்திருக்கும். அவை தோன்றும்போது இவை ஒளிந்துகொள்ளும். அதனாலேதான் காலையில் ஒரு முடிவும் மாலையில் ஒரு முடிவுமாக மனிதன் அலைகிறான். காகிதமோ எதனையும் மறப்பதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் எழுதுகிறவனும் ஒருவனே, எடை போடுகிறவனும் அவனே. இரண்டு கட்சியையும் தனி ஒருவன் நடத்தும்போது, தனக்குப் பிடித்த கட்சிக்குச் சற்றுக் கூடுதலாக வக்காலத்து வாங்காமல் இருப்பது அரிது. எழுதும் கையைப் பலருடையதாக்கினால் அந்தக் குறை தீருமல்லவா?

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் அப்படியொரு காகிதத்தை ஊரார் அனைவருக்கும் விரித்து வைத்தார்கள். 2008இல் அந்நாட்டு வங்கிகள் அடியோடு சரிந்து, ஆட்சியாளரிடம் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையும் கூடவே சரிந்திருந்த காலம். 2010இல், நகரசபைத் தேர்தலையொட்டி, குன்னார் கிரிம்சன், ரோபர்ட் பியார்னசன் என்ற இருவர் ஓர் இணைய அரங்கை அமைத்தார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு யோசனையை முன்மொழியலாம். அதன் கீழே ஆதரிக்கும் காரணங்கள் ஒரு பத்தியிலும் எதிர்க்கும் காரணங்கள் மற்றொரு பத்தியிலும் நிற்கும். பிறர் எழுதிய காரணத்துக்கு நேரே பதில் எழுத இயலாது. அது தவறென்று கருதுகிறவர் எதிர்ப்பத்தியில் தம் காரணத்தை எழுத வேண்டியதுதான். படிப்பவர் எந்தக் காரணம் பயனுள்ளதென்று கருதுகிறாரோ அது அந்தந்தப் பத்தியில் மேலே ஏறும். ஆகவே அங்கே வருகிறவர் கண்ணில், தம் கட்சியின் தலைசிறந்த காரணமும் எதிர்க்கட்சியின் தலைசிறந்த காரணமும் அருகருகே படும். இந்த ஒரு சிறு ஏற்பாட்டின் அருமையை நான் எத்தனை சொன்னாலும் தகும்.

ஆயினும், இரண்டு பத்திகள் போதுமா? காரணங்கள் தனித்தனியே நிற்பவை அல்லவே. ஒரு காரணம் வேறொன்றைத் தாங்கி நிற்கும். அதை மூன்றாவதொன்று வெட்டும். அந்த வெட்டையும் தடுக்க நான்காவதொன்று வரும். 2017இல் எரிக்கோஸ் பிட்சோஸ் என்பவரால் வெளியிடப்பட்ட கியாலோ என்னும் அரங்கு, இந்த உறவுகளையெல்லாம் மரவடிவில் வகுத்துக் காட்டுகிறது. மரத்தின் அடியில் ஒரு கூற்று. அதிலிருந்து ஆதரவுக் கிளைகள் ஒருபுறம், மறுப்புக் கிளைகள் ஒருபுறம். ஒவ்வொரு கிளைக்கும் மறுபடி அவ்விரண்டு வகை. ஒரு கிளையில் ஒரே கருத்து நிற்க வேண்டும். இரண்டைப் பிணைத்து எழுதினால் நெறியாளர் பிரிக்கச் சொல்வார். முன்பே சொல்லப்பட்டதை மறுபடி சொன்னால் அது தனிக்கிளையாக நிற்காது. ஒவ்வொரு கூற்றையும் படிப்பவர், அதன் தாய்க்கிளையின் மீது அதற்குள்ள தாக்கம் எவ்வளவு என்பதை, சற்றுமில்லை என்பது முதல் மிகுதியும் உண்டு என்பது வரை ஐந்து படிகளில் மதிப்பிடுகிறார்.

நாம் எல்லோரும் அறிந்த ஒரு சர்ச்சையை இந்த முறையில் வகுத்துப் பார்ப்போம். மரண தண்டனை ஒழிய வேண்டும் என்பது அடிக்கூற்று. நீதிமன்றம் தவறக்கூடியது, தூக்கிலிட்ட பின் தவறைத் திருத்த வழியில்லை என்பது ஆதரவுக் கிளை. தூக்கின் பயமே கொலைகாரன் கையைத் தடுக்கிறது என்பது மறுப்புக் கிளை. இவ்விரண்டையும் பட்டிமன்ற மேடையில் இருவர் பேசினால், முதலாமவர் ஒரு நிரபராதியின் கதையைச் சொல்லிக் கண்ணீர் வரவழைப்பார். அடுத்தவர் கொலையுண்ட குழந்தையின் தாயைச் சொல்லிக் கண்ணீர் வரவழைப்பார். எந்தக் கண்ணீர் பெரிது என்ற நிலையில் பேச்சு முடிந்துவிடும். மரத்திலோ, பயம் தடுக்கிறது என்ற கிளையின் கீழே, தடுக்கிறது என்பதற்குச் சான்று என்ன என்று கேட்கும் ஓர் இடம் திறந்தே இருக்கிறது. அவ்விடத்தில் ஒருவர், அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் பரிசீலித்து, மரண தண்டனையால் கொலைகள் குறைகின்றனவா, கூடுகின்றனவா, மாறாமலே இருக்கின்றனவா என்பதை அந்த ஆய்வுகளைக் கொண்டு சொல்ல இயலாது என்று முடிவு கூறியதை எழுதலாம். அதன் கீழே வேறொருவர், சொல்ல இயலாது என்பது தடுக்கவில்லை என்று நிரூபித்ததாகாது என்று எழுதலாம். அதுவும் நியாயமே. அப்படியானால் சான்று இல்லாத நிலையில் நிரூபிக்கும் பாரம் யார் மீது, உயிரைப் பறிக்க விரும்பும் அரசின் மீதா, வேண்டாமென்பவர் மீதா என்று மூன்றாவது ஒருவர் கேட்பார்.

இதற்குள் சர்ச்சை எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். ஒழிக்க வேண்டும் என்ற கட்சிக்குள்ளேயே ஒரு கிளை பிரிகிறது: 2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் சட்டக் கமிஷன் தன் 262ஆம் அறிக்கையில், பயங்கரவாதக் குற்றங்கள், நாட்டின் மீது போர் தொடுத்தல் ஆகியவை நீங்கலாக மற்றவற்றிற்கு மரண தண்டனையை ஒழிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. தவறு திருத்த இயலாதது என்பதுதான் காரணமானால், பயங்கரவாத வழக்கில் மட்டும் நீதிமன்றம் தவறாது என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியை எழுப்பக்கூடியவர் எதிர்க்கட்சியினரே அல்லர். ஆதரவாளரே எழுப்ப வேண்டி வரும். இப்படித் தன் கட்சியின் உள்ளே இருக்கும் விரிசலைத் தானே காண நேர்வது, மேடைப் பேச்சில் மிக அபூர்வமாகவே கிடைக்கும் அனுபவம்.

இனி, வரிசைப்படுத்தும் முறைக்கு வருவோம். பத்துப் பேர் ஆதரித்ததும் நூறு பேர் ஆதரித்ததும் எதிரே இருந்தால் நூறு பேர் ஆதரித்ததை மேலே வைப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் நூறு பேர் ஆதரித்தது காலையிலும், பத்துப் பேர் ஆதரித்தது மாலையிலும் எழுதப்பட்டிருந்தால்? ஆதரவின் விகிதத்தைப் பார்க்கலாமென்றால், மூன்று பேர் பார்த்து மூவரும் ஆதரித்த வாதம், முந்நூறு பேர் பார்த்து இருநூற்றெழுபது பேர் ஆதரித்த வாதத்துக்கு மேலே போய் உட்கார்ந்துவிடும். இதற்குப் பரிகாரம், எட்வின் வில்சன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1927இல் வெளியிட்ட ஒரு சூத்திரத்தில் கிடைத்தது. பார்த்தவர் தொகை குறைவாக இருக்குமளவும் விகிதத்தின் மீது சந்தேகம் வைத்து, உண்மையான ஆதரவு எவ்வளவுக்குக் குறையாது என்று துணிந்து சொல்லலாமோ அந்தக் கீழ்மதிப்பையே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதன்படி மூவர் ஆதரித்த வாதம் பாதி மதிப்பைக்கூட எட்டாது. இருநூற்றெழுபது பேர் ஆதரித்ததோ நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேலே நிற்கும். ரெடிட் என்ற அமெரிக்கத் தளம் 2009இல் இம்முறையைக் கைக்கொண்டது.

கணக்கு சீர்ப்பட்டது, மனிதர் சீர்ப்பட்டாரா? 2013இல் சயன்ஸ் பத்திரிகையில் லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் என்ற மூவர் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதற்கு விடையளிக்கிறது. ஓர் இணையத்தளத்தில் எழுதப்பட்ட ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட கருத்துகளுள் குருட்டாம்போக்காகச் சிலவற்றை எடுத்து, அவை பிறந்தவுடனேயே ஒரே ஒரு ஆதரவு வாக்கைப் பொய்யாக இட்டார்கள். வேறு சிலவற்றுக்கு அவ்வாறே ஓர் எதிர்ப்பு வாக்கை இட்டார்கள். பொய் ஆதரவு பெற்றவற்றை அடுத்து வந்து படித்தவர் ஆதரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு கூடிவிட்டது. முடிவில் அவை பெற்ற மதிப்பு சராசரியாக நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு உயர்ந்தது. பொய்யாக இட்ட எதிர்ப்பு வாக்கைப் பிறர் ஆதரவளித்து நேர் செய்துவிட்டார்கள். பொய்யான ஆதரவையோ ஒருவரும் நேர் செய்யவில்லை. ஒரு வாக்கின் பின்னே ஓராயிரம் வாக்குகள் போகும் என்றால், மேலே நிற்கும் வாதம் வலியதாக இருப்பதனால் மேலே நிற்கிறதா, மேலே நிற்பதனால் வலியதாகத் தோன்றுகிறதா என்பதை எவ்வாறு அறிவது? ஆகையால், வாதங்களுக்கு வரிசை கொடுக்கும் எந்த அரங்கும், ஒருவர் தம் மதிப்பை இடும் வரையில் மற்றவர் இட்ட மதிப்பை அவருக்குக் காட்டலாகாது. தேர்தலில் வாக்கு இரகசியமாக இருக்க வேண்டும் என்பதற்குச் சொல்லும் நியாயம் இதற்கும் முழுக்கப் பொருந்தும்.

ஆனால் எண்ணிக்கையின் பெருங்குறை இன்னும் ஆழமானது. ஊரில் அறுபது பேர் ஒரு கட்சி, நாற்பது பேர் ஒரு கட்சியென்றால், அறுபதின்மரின் சுமாரான வாதமும் நாற்பதின்மரின் மிகச் சிறந்த வாதத்துக்கு மேலே போகும். அப்போது நமக்குக் கிடைப்பது, எந்தக் கட்சியில் ஆள் அதிகம் என்று முன்னமே தெரிந்திருந்த செய்தியே. இதற்கு ஒரு மாற்றை, நான் அறிந்த வரையில், முதன்முதல் ஒரு தேசத்தின் அளவில் செய்து பார்த்தவர்கள் தைவான் நாட்டினர்.

2014ஆம் ஆண்டு மார்ச்சில், சீனாவோடு செய்துகொண்ட ஒரு வர்த்தக உடன்படிக்கையை எதிர்த்து அந்நாட்டு மாணவர்கள் சட்டசபைக்குள் புகுந்து வாரக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். அந்தக் கிளர்ச்சியில், கவ்-ஸீரோ என்ற பெயருடைய தன்னார்வக் கணினி நிபுணர் கூட்டம் துணை நின்றது. அவ்வருஷம் டிசம்பரில், மந்திரிகளுள் ஒருவரான ஜாக்லின் சாய் அக்கூட்டத்தார் கூடியிருந்த இடத்துக்கு வந்து, ஒரு சட்டத்தைப் பற்றி நாடு முழுவதும் கலந்து பேசத்தக்க ஓர் அரங்கை அமைத்துத் தரக் கேட்டார். கிளர்ச்சியாளரிடம் அதிகாரம் வந்து உதவி கேட்டதும், கேட்டவுடன் இவர்கள் மனம் கோணாமல் இசைந்ததும் இரு சாராருக்கும் பெருமை. அவ்வாறு பிறந்ததே வி-தைவான்.

அதன் முன் வந்த வழக்குகளுள் பெயர் பெற்றது, 2015இல் நடந்த ஊபர் வாடகைக் கார் விவகாரம். உரிமம் பெற்ற டாக்ஸி ஓட்டுநர்கள் ஒருபுறம். குறைந்த கூலிக்குக் கூப்பிட்டவுடன் வரும் காரை விரும்பிய பிரயாணிகள் மறுபுறம். இதற்கு அவர்கள் கையாண்ட கருவி, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் காலின் மெகில் என்பவரும் அவர் தோழர்களும் உருவாக்கிய போல்.இஸ். அதன் திரையில் ஒரு சமயத்தில் ஒரு கூற்றுத்தான் தெரியும், அதுவும் சில வரிகளுக்குள் அடங்குவது. படிப்பவர் அதற்கு உடன்படலாம், மறுக்கலாம், கடந்து போகலாம். தம் கருத்தைப் புதிய கூற்றாகவும் எழுதலாம். பதில் கூறும் பொத்தான் அங்கே கிடையாது. ஒருவர் எழுதியதைக் கேலி செய்ய ஆசைப்படுகிறவனுக்கு அங்கே கைகள் கட்டப்பட்டிருக்கும். எல்லோரும் இட்ட விடைகளிலிருந்து, யார் யார் ஒத்த மனத்தினர் என்பதைக் கணினி கணக்கிட்டு, ஒரு படத்தில் குழுக்களாக வரைந்து காட்டுகிறது. தாம் எங்கே நிற்கிறோம், எதிர்க்குழு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதை ஒவ்வொருவரும் கண்ணாற் காணலாம்.

தொடக்கத்தில், எதிர்பார்த்தபடியே, இரண்டு கூட்டங்கள் எதிரெதிர்க் கோடியில் நின்றன. ஆனால் அங்கே மேலே ஏறுவதற்கு வழி, தன் கூட்டத்தை மட்டும் மகிழ்விப்பதன்று. எல்லாக் குழுவினரிடத்தும் பெருவாரியான உடன்பாடு பெற்ற கூற்றுகளையே அடுத்த கட்டத்தில் அதிகாரிகளும் கம்பெனியாரும் டாக்ஸிச் சங்கத்தாரும் எதிரெதிரே அமர்ந்து பேசுவதென்று ஏற்பாடு. ஆதலால், எதிரியும் தலையசைக்கும்படியான வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று ஜனங்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். சில வாரங்களில், பிரயாணிக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும், காரும் ஓட்டுநரும் முறைப்படி பதிவு பெற வேண்டும், கம்பெனி வரி செலுத்த வேண்டும் என்ற கூற்றுகள் இரு கூட்டத்தின் ஆதரவோடும் மேலே வந்து நின்றன. ஆகஸ்டில் நடந்த நேர்ச்சந்திப்பை நாட்டினர் அனைவரும் இணையத்தில் நேரலையாகக் காணும்படி செய்தார்கள். மறுவருஷம் டாக்ஸி விதிகள் மாற்றியமைக்கப்பட்டன.

அத்துடன் எல்லாம் சுபமாக முடிந்ததென்று சொல்லமாட்டேன். கடுமையான அபராதங்களைக் கண்டு 2017 பிப்ரவரியில் ஊபர் அந்நாட்டில் தன் வேலையை நிறுத்தியது. ஏப்ரலில், உரிமம் பெற்ற வாடகைக் கார் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தது. இணக்கம் கண்ட பின்னும் இழுபறி இருக்கத்தான் செய்தது. மேலும், வி-தைவானின் முடிவு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதன்று. கேட்க மனமுள்ள மந்திரி இருக்கும் வரையிலேயே அதற்கு மதிப்பு. 2016இல் மந்திரி பதவியேற்ற ஆட்ரி டாங், கவ்-ஸீரோவிலிருந்தே வந்தவராகையால் அந்த மனம் அவரிடம் இருந்தது. எல்லா நாட்டுக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

முரண்படுகிறவர்களும் உடன்படுவதை மேலே வைப்பது என்ற இந்தக் கொள்கை, பின்னர் வேறிடங்களிலும் பரவியது. ட்விட்டர் நிறுவனம் 2021இல் தொடங்கி, இன்று எக்ஸ் தளத்தில் நடந்துவரும் சமூகக் குறிப்புகள், வழக்கமாக எதிரெதிராக மதிப்பிடுகிறவர்கள் இருவகையினரும் பயனுள்ளதென்று கூறிய குறிப்பைத்தான் பதிவின் கீழே காட்டுகின்றன. ஒரு கட்சியினர் லக்ஷம் பேர் ஒன்றுகூடி ஆதரித்தாலும் போதாது. படையெடுத்து வரும் கூட்டத்துக்கு எதிராக இதைக் காட்டிலும் நல்ல அரண் ஒன்றை நான் அறியேன்.

ஆனால், அன்பர்களே, இம்முறையைப் புகழ்ந்த வாயாலேயே இதன் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். இரு சாராரும் உடன்படுவதெல்லாம் உண்மையாகிவிடாது. வாடகைக் காரைப் பற்றிய விவகாரத்தில் நடுவழி காண்பது நல்லது. ஒரு மனிதனுடைய சுதந்தரத்தைப் பற்றிய விவகாரத்தில் நடுவழி என்பது அநியாயத்தின் பாதியாக இருக்கக்கூடும். 1976ஆம் ஆண்டு ஏப்ரலில், நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றிச் சிறைப்பட்டவன் தன்னை விடுவிக்கக் கோரி நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாமா என்ற கேள்வி நம் சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது. தட்டலாகாது என்றனர் நான்கு நீதிபதிகள். தட்டலாம் என்றவர் எச். ஆர். கன்னா ஒருவரே. எண்ணிக்கைப்படி வரிசை போட்டாலும் சரி, இரு சாராரின் இணக்கத்தைப் பார்த்து வரிசை போட்டாலும் சரி, அவருடைய வாதம் கடைசியில்தான் நின்றிருக்கும். ஆயினும் நீதிமன்ற வழக்கப்படி, தோற்ற அந்தத் தீர்ப்பும் வென்ற தீர்ப்புகளோடு சேர்த்தே, ஒரு வரி குறையாமல் அச்சிடப்பட்டது. நாற்பத்தோராண்டுகள் கழித்து, 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தள்ளி, கன்னாவின் கருத்தே சரியென்று கொண்டது.

இன்றைய இணைய அரங்குகள் பலவற்றில், தோற்ற வாதத்தையும் பாதுகாக்கும் இந்த வழக்கம் இல்லை. கீழே தள்ளப்பட்ட வாதம் அங்கே மெல்ல மங்கி, மடக்கி வைக்கப்பட்டு, பிறகு தேடினாலும் கிட்டாத இடத்துக்குப் போய்விடுகிறது. வரிசை என்பது படிக்கும் ஒழுங்கைக் காட்டலாம். படிக்கும் உரிமையைப் பறிக்கலாகாது. ஒவ்வொரு பக்கத்திலும் மிகக் குறைந்த ஆதரவு பெற்ற வாதங்களையும், அவற்றைத் தாங்கிய சான்றுகளோடும், அவை என்றைக்கு எந்த விதியின்படி கீழே போயின என்ற குறிப்போடும் பாதுகாத்து வைப்பது அரங்கு நடத்துவோரின் கடமையாக வேண்டும். வரிசை போடும் விதியையும் அவர்கள் பகிரங்கமாக்க வேண்டும். ஒரு சபை எந்த விதியின்படி நடக்கிறது என்பது சபையினருக்குத் தெரியாமல் இருப்பது எவ்வளவு அக்கிரமமோ, இதுவும் அவ்வளவு அக்கிரமமே. இதைச் சொல்லும்போது, நாழிகைக்கு ஆயிரம் வாதங்களை எழுதித் தள்ள வல்ல யந்திரங்கள் இப்போது வந்துவிட்டதையும் மறக்கலாகாது. வாக்கிடுவோன் மனிதன்தானா என்பதை உறுதிப்படுத்தாத அரங்கில் எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை. உறுதிப்படுத்த முயன்றாலோ, பெயர் வெளிவருமே என்று அஞ்சி, பேச வேண்டியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். இந்த முடிச்சை இன்னும் ஒருவரும் அவிழ்க்கவில்லை.

எனக்கு இவ்விஷயத்தில் வழிகாட்டியாகத் தோன்றுவது இணையத்தைச் சேர்ந்த எதுவுமன்று. 1818ஆம் ஆண்டு ராஜா ராம்மோகன் ராய் வங்காளி மொழியில் வெளியிட்ட ஒரு சிறு நூல். உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஆதரிக்கும் பிரவர்த்தகன் என்பவனும், எதிர்க்கும் நிவர்த்தகன் என்பவனும் நடத்தும் சம்வாதமாக அதனை அவர் அமைத்தார். பிரவர்த்தகனை அவர் ஒரு மூடனாகச் சித்திரிக்கவில்லை. அங்கிரசர், ஹாரீதர் முதலான ஸ்மிருதிகர்த்தாக்களின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அந்நாளைய பண்டிதன் ஒருவன் எவ்வளவு வலுவாகப் பேசுவானோ அவ்வளவு வலுவாகவே அவனைப் பேசவிட்டார். அதன் பின்பு நிவர்த்தகன், மனுவைக் கொண்டு விடையளித்து, விதவையைக் கயிற்றால் பிணித்துச் சிதையில் கிடத்துவது எந்த சாஸ்திரத்திலும் இல்லையே என்று கேட்கிறான். மறுப்பு அப்படியொரு வலுவோடு விழுந்ததற்குக் காரணம், அது விழ வேண்டிய இடத்தை ராய் எதிரியைக் காட்டிலும் நன்றாக அறிந்திருந்ததே. 1829 டிசம்பரில் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் பிரபு அந்த வழக்கத்தைத் தடை செய்தபோது, ஆசாரவாதிகள் தர்ம சபை அமைத்து லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் வழக்காடினார்கள். 1832இல் அது தள்ளுபடியாயிற்று. தலைகளை எண்ணி முடிவு செய்திருந்தால் அன்றைய கல்கத்தாவில் ராய் வென்றிருப்பாரென்று நான் நம்பவில்லை.

தமிழில் இப்படியோர் அரங்கை நிறுவ முன்வரும் இளைஞர்கள் இச்சபையில் இருந்தால், அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுண்டு. சர்ச்சைக்குப் பஞ்சமில்லை. ஜல்லிக்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2014இல் தடை, 2017இல் மெரினாக் கிளர்ச்சியும் புதிய சட்டமும், 2023இல் அச்சட்டம் செல்லும் என்ற தீர்ப்பு என்று நீதிமன்றத்தில் முடிந்தும் மனங்களில் முடியாத வழக்கு அது. அதில் மதிப்பிட வருகிற ஒவ்வொருவரையும், எந்த வாதத்துக்கும் மதிப்பிடும் முன்பாக, தாம் எதிர்க்கும் கட்சியின் நியாயத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதச் செய்யுங்கள். அக்கட்சியைச் சேர்ந்த மூவர் படித்துப் பார்த்து, ஆம், நாங்கள் சொல்வது இதுதான் என்று ஒப்புக்கொண்டால் மட்டும் அவருக்கு மதிப்பிடும் உரிமை. எழுதத் தெரியாதவர் வாயாற் சொல்லிப் பதிவு செய்யட்டும். காளை வளர்க்கும் குடியானவரும், காளை முட்டி மகனை இழந்த தாயும் எழுத்துத் திறமையில்லாத காரணத்தால் வெளியே நிற்கலாகாது. இவ்வாறு செய்தால் பத்தாயிரம் பேர் வரக்கூடிய இடத்தில் ஆயிரம் பேரே வருவார்கள். பலர் சலித்துப் போய்ப் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். எஞ்சிய அந்த ஆயிரவர் இட்ட வரிசையை நான் முதலிலிருந்து கடைசி வரை நம்பிப் படிப்பேன்.